சீசன் முடியட்டும்

என் வயதை ஒத்தவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சின்ன வயதில் உங்கள் வீட்டில் எதைச் சொல்லி உங்கள் வாயை அடைத்தார்கள்? சில வீடுகளில் 'அப்பா வரட்டும்'. சில வீடுகளில் 'பரீட்சை முடியட்டும்'. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டில் 'சீசன் முடியட்டும்'. செருப்பு அறுந்துபோச்சு என்றால் சீசன் முடியட்டும். பல் வலிக்கிறது என்றால் சீசன் முடியட்டும். ஒரு தடவை எனக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டு வந்து, கக்கூஸ் வாடகைக்கு வந்த முன்வீட்டுக்காரர்கள் வசம் இருந்தபோது, அம்மா பழக்கதோஷத்தில் "கொஞ்சம் பொறு, சீசன்..." என்று ஆரம்பித்துவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அக்காவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வெள்ளைக்காரன் விட்டுப்போன வார்த்தைகளில் இந்த ஊர் இறுகப் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் ஆளுக்கு ஆள் அதன் அர்த்தம் வேறு. பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்த பாய்க்குச் சீசன் என்றால் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாத நாட்கள். தோட்டக்காரர்களுக்கு பிளம்ஸுக்கு ஒரு சீசன், பேரிக்காய்க்கு ஒரு சீசன். எங்கள் வாசல் கதவு மழைக்கு வீங்கிக்கொண்டு சாத்த வராமல் அடம்பிடித்தபோது ஆசாரி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "மரம் நல்லாக் காஞ்சு சீசன் ஆகலைங்க, அவசரப்பட்டுப் போட்டுட்டீங்க" என்றார். மருந்துக்கடை கம்பவுண்டருக்குச் சளி, காய்ச்சல், பேதி எல்லாமே சீசன்தான்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் நாலு படம் காட்டினார். பூப் பூத்த மரம், வெயிலில் நிற்கும் மரம், இலை உதிர்ந்த மரம், வெள்ளையாய்ப் பனி மூடிய மரம். இவைதான் நாலு சீசன் என்றார்.

"இதுல நம்ம ஊரு சீசன் எது மிஸ்?" என்று நான் எழுந்து கேட்டேன். அதாவது, விறகுக் கொட்டகைக்குக் குடிபோகிற சீசன்.

"வாயாடாம ஒக்காரு" என்றார் டீச்சர். பாவம், அவரும் வீட்டைச் சீசனுக்கு விட்டுவிட்டுத் தங்கச்சி வீட்டில் முடங்கிக் கிடந்தவர்தான்.

வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கே லாட்ஜுகள் குறைவு. கீழே வெயில் ஏறியதும் மதுரை, மெட்ராஸ் என்று குடும்பம் குடும்பமாக மேலே வந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் தங்க வீடு தேடுவார்கள். எங்களைப் போன்றவர்கள் குடியிருக்கும் வீட்டையே கட்டில், பாத்திரம், கம்பளியோடு அவர்களுக்கு விட்டுவிட்டுப் பின்கட்டு விறகுக் கொட்டகைக்கு ஒதுங்கிவிடுவோம். அப்பா தண்ணீர்க் குழாய் ரிப்பேர் பார்ப்பவர். அவர் சம்பளத்தில் சோறு ஓடும், கூரை ஓடாது. மழைக்கு முன்னால் கூரைத் தகரம் மாற்ற வேண்டுமென்றால் வீட்டைச் சீசனுக்கு விட்டே ஆகவேண்டும்.

விடுவதற்கு முந்தைய நாள் அம்மா எங்களை அந்த வீட்டிலிருந்து துடைத்து எடுப்பாள். வேறு எப்படிச் சொல்ல? எங்கள் துணிமணி டிரங்குப் பெட்டிக்குள் போகும். அப்பாவும் அம்மாவும் நிற்கிற கல்யாணப் போட்டோ கழன்று வரும். கதவோரச் சுவரில் அக்காவுக்கும் எனக்கும் உயரம் பார்த்துப் பென்சிலால் போட்ட கோடுகள் இருந்தன. அவற்றை மறைக்க ஒரு காலண்டரைத் தொங்கவிடுவாள். கடைசியாக ஜன்னலோர இரும்புக் கட்டில். பித்தளைக் குமிழ் வைத்த கட்டில், அக்காவும் நானும் ஒரே கம்பளிக்குள் படுப்பது. அதில் வெள்ளை விரிப்பு விரித்துச் சுருக்கம் இல்லாமல் தடவிவிட்டு, "இனிமே தொடாதீங்க" என்பாள்.

கொட்டகையில் சட்டம் பெரிய சட்டம். முன்பக்கம் போகக் கூடாது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது, சண்டை போடக் கூடாது, பின்சந்து வழியாகத்தான் வரவேண்டும், போகவேண்டும். வெந்நீர் போட்டு வாளியை முன்வீட்டுப் பின்கதவில் வைத்துவிட்டு, ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடிவந்துவிட வேண்டும். "நாம இருக்கிற தடமே தெரியக்கூடாது" என்பாள் அம்மா. தடம் தெரியாமல்தான் இருந்தோம், அக்காவின் இருமலைத் தவிர.

அக்காவுக்கு அப்போது பதினொன்று, எனக்கு எட்டு. கொட்டகைக்குப் போன மூன்றாம் நாள், நாலாம் நாள் இருமல் தொடங்கும். பாதி இடத்தை விறகு அடைத்திருக்கும், மீதியில் அடுப்பு, அதன் பக்கத்தில் நாங்கள். விறகோ ஈர விறகு. காலையிலிருந்து புகை மண்டியிருக்கும். ஜன்னல் கிடையாது, கதவைத் திறந்துவைத்தால் முன்வீட்டு ஆட்கள் பார்ப்பார்கள் என்று அம்மா சாத்தியே வைப்பாள். கம்பவுண்டரிடம் கூட்டிப்போனார்கள். "சீசன் இருமல்தாங்க. சீசன் முடிஞ்சா போயிரும்" என்று சிவப்பு மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார். அவர் சொன்னது சத்தியமான உண்மை. வீட்டுக்குத் திரும்பியதும் இருமல் போய்விடும். ஏன் போகிறது என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் பாய் ஒரு மெட்ராஸ் குடும்பத்தை அனுப்பிவைத்தார். அவர் கடைக்கு வருகிறவர்கள் வீடு கேட்டால் எங்கள் வீட்டைக் காட்டிவிடுவார். வந்தவர்கள் ஓர் அம்மா, என் வயதில் ஒரு பெண். அவளுக்குச் சிவப்பு ஷூ. நடந்தால் அது கிறீச் கிறீச் என்று கத்தும். என்னை வைத்த கண் வாங்காமல் பார்க்க வைத்தது அந்த ஷூதான். வெந்நீர் வாளியை வைத்துத் தட்டிவிட்டு, ஓடாமல் நிற்க ஆரம்பித்தேன். கதவு திறக்கும்போது ஷூவைப் பார்க்கலாமே.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள்: "யாரு கேட்டாலும் இங்க இருமல் கிருமல் கெடையாது. தெரிஞ்சுச்சா? நல்ல காத்து வேணும்னு வாறவுக, இருமல்னு தெரிஞ்சா ஒரு நாளு தங்க மாட்டாக."

அக்கா தெரிந்ததென்று தலையாட்டினாள். அன்றிலிருந்து இருமல் வந்தால் கம்பளியை வாயில் திணித்துக்கொள்வாள். கண் இரண்டும் சிவந்து தண்ணீர் கொட்டும். அவள் முதுகைத் தடவுவேன். "ஒண்ணுமில்ல புள்ள, நீ தூங்கு" என்பாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

ஒரு நாள் காலை வாளியோடு நின்றுகொண்டிருந்தபோது கதவைத் திறந்தது அந்த மெட்ராஸ்காரம்மா.

"பாப்பா, நைட் எல்லாம் யாரோ இருமுறாங்களே. யாரும்மா அது?"

பின்னால் அந்தப் பெண் சிவப்பு ஷூவோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். கொட்டகைக்கு வந்ததிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்த முதல் வெளியாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை. வராமல் என்ன, வந்திருக்கும். அந்த அம்மா என்னோடு இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்ற ஆசை. அதுதான் நிஜம்.

"எங்கக்கா" என்றேன். அதோடு நிறுத்தினேனா? "தெனம் இருமுவா. ரொம்ப நாளா" என்று சேர்த்தும் சொன்னேன்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. மகளின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். அன்று மத்தியானம் அப்பாவைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் பேசினாராம். தப்பாக நினைக்க வேண்டாம், குழந்தை வைத்திருக்கிறோம், டிபி மாதிரி ஏதாவது இருந்தால் சங்கடம், வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம் என்று. அப்பா அரண்டுபோனார். அப்போது டிபி என்றால் தெருவே ஒதுங்கும். கூரைத் தகரத்துக்கு அவர் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார். பிள்ளையைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், நீங்கள் போக வேண்டாம் என்று கெஞ்சி அவர்களை நிறுத்தினார்.

பாய்க்கு விஷயம் தெரிந்து கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். பின்சந்தில் நின்றபடியே அப்பாவிடம் பேசினார்.

"அவங்களுக்கு நான் வேற வீடு பாத்து விட்டுர்றேன் அண்ணே. ஒங்களுக்கு வேற ஆளையும் கொண்டாறேன். அதுக்குப்போய் பச்சப்புள்ளைய எதுக்கு அனுப்புறீங்க?"

"இல்ல பாய். கீழ வெயிலு பட்டா சளி கரைஞ்சிரும். அவ சித்தி வீடுதான, ரெண்டு மாசம் இருந்துட்டு வரட்டும்."

"ரெண்டு மாசம் புள்ளைக்கு ரெண்டு வருசங்க."

பாய் போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார், இருமலைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று தெரியாமல்.

சித்தி வீடு அய்யம்பாளையத்தில். தென்னந்தோப்புக்குள் வீடு, பிள்ளை இல்லை. மறுநாள் வெள்ளனே எழுப்பி அக்காவுக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டாள் அம்மா. வத்தலக்குண்டு பஸ்ஸில் அப்பா கூட்டிப்போவதாக ஏற்பாடு. அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எப்பம்மா திரும்பி வரணும்?"

"சீசன் முடியட்டும்" என்றாள் அம்மா.

"சரி" என்றாள் அக்கா. அழவில்லை.

வாளியை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, இரக்கமோ, உறுத்தலோ, "உள்ள வாம்மா, பாப்பாவோட விளையாடு" என்று கதவை அகலத் திறந்தார். எங்கள் வீட்டுக்குள் என்னை வா என்று கூப்பிட்டார்கள்! போனேன். ஜன்னலோரக் கட்டிலில், எங்கள் கட்டிலில், அந்தப் பெண் என்னை உட்காரவைத்தாள். ஷூவைக் கழற்றி என் காலில் மாட்டிப் பார்த்தாள், சின்னதாக இருந்தது. ஒரு தட்டில் நாலு பிஸ்கட் வந்தது. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் கிரீம். அப்படி ஒரு பிஸ்கட்டை நான் அதற்குமுன் வாயில் வைத்ததில்லை.

இரண்டாவது பிஸ்கட் தின்றுகொண்டிருந்தபோது பின்சந்திலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் எழவில்லை. இந்த வீட்டுக்குள் இருப்பது தெரிந்தால் தோலை உரிப்பாள் என்பது ஒரு காரணம். எழுந்துபோனால் மறுபடி கூப்பிட மாட்டார்களே என்பது இன்னொரு காரணம், பெரிய காரணம். கொஞ்ச நேரம் கழித்து அக்கா கூப்பிட்டாள். என் பெயரைச் சொல்லி, இரண்டு தடவை. இரண்டாவது தடவை இருமலில் பெயர் பாதியில் நின்றது.

நான் மூன்றாவது பிஸ்கட்டை எடுத்தேன். எட்டு வயசு என்று நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை.

நாலாவதைத் தின்னவில்லை. நோட்டுக் காகிதத்தில் மடித்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். சந்தில் யாரும் இல்லை. பஸ் போய்விட்டிருந்தது. பிஸ்கட்டை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொட்டகைச் சுவர்ப் பொந்துக்குள் வைத்தேன். அக்கா வந்ததும் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்தப் பிஸ்கட்டை வைத்துப் பாவத்தைக் கழுவிவிடலாம் என்ற கணக்கு.

அதற்கப்புறம் அந்தச் சீசன் எனக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மெட்ராஸ்காரப் பெண் மறுபடி கூப்பிடவே இல்லை. கம்பளி முழுக்க எனக்கே கிடைத்தது. அதில் அக்காவின் வேப்பெண்ணெய் வாசமும் புகை வாசமும் இருந்தன, பிறகு புகை வாசம் மட்டும் இருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை டப்பாவைத் திறந்து பார்ப்பேன். பேச ஆள் இல்லாமல் அந்தப் பிஸ்கட்டோடு பேசியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

அய்யம்பாளையம் போன ஐந்தாறு நாளில் அக்காவுக்கு இருமல் நின்றுவிட்டது. சித்தி ஆள்மூலம் சொல்லிவிட்டாள்: 'பிள்ளைக்கு மலைக் குளிர் ஆகவில்லை. இங்கே வந்ததும் சொன்னபடி கேட்கிறது உடம்பு. இங்கேயே பள்ளிக்கூடத்தில் போட்டுவிடுகிறேன்.' அப்பா யோசித்தார், அம்மா அழுதாள், கடைசியில் இரண்டு பேரும் சரி என்றார்கள். பிள்ளை உயிரோடு நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். குளிர்தான் என்று அவர்களும் சத்தியமாக நம்பினார்கள்.

சீசன் முடிந்தது. வீட்டுக்குத் திரும்பினோம். காலண்டரைக் கழற்றினாள் அம்மா. மழை பிடித்துக்கொண்டது, புதுத் தகரத்தில் தடதடவென்று சத்தம். ஒருநாள் கொட்டகையைக் கூட்டியபோது அம்மா கையில் தகர டப்பா சிக்கிவிட்டது. பிஸ்கட்டில் பச்சையாகப் பூசணம் பூத்துக் கிடந்தது.

"கண்ட கண்ட கருமத்த எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு!" என்று அடுப்பில் வீசினாள். சர்க்கரை கருகுகிற வாசம் வந்தது. நான் அழுத அழுகைக்குக் காரணம் தெரியாமல் முதுகில் ஒன்று வைத்தாள்.

அக்கா அய்யம்பாளையத்துப் பெண்ணாகவே வளர்ந்தாள். அங்கேயே கல்யாணம், பிள்ளைகள், பேரன்கள். பொங்கலுக்கும் விசேஷங்களுக்கும் மேலே வருவாள். அம்மா அவளுக்கு விருந்தாளிக்கு வைக்கிற தட்டில் சோறு போடுவாள். என்னோடு நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் சித்திரை வைகாசியில் வந்ததே இல்லை, வீடுதான் எங்களிடம் இருக்காதே. நானும் அந்தக் காலையைப் பற்றிப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கிற தைரியம் இல்லை.

பல வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தது. அம்மாவுக்கும் ஓயாத இருமல் உண்டு, வயசுக் கோளாறு என்று விட்டிருந்தோம். கேஸ் வந்த ஒரு மாதத்தில் இருமல் இருந்த இடம் தெரியவில்லை. ஒரு நாள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பால் பொங்கி வழிந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பொக தான்டி. குளிரு இல்ல. பொக" என்றாள்.

நான் அடுப்பை அணைத்தேன். அதற்கப்புறம் சாகும்வரை அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் தன் பங்குக்கு ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

இப்போது நான் மட்டும் அந்த வீட்டில். வீட்டில் என்று சொல்வதா? மகன் பெங்களூரில் இருந்துகொண்டே போனில் தட்டி அதை ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டான். கொட்டகைக்கு டைல்ஸ் போட்டு, ஜன்னல் வைத்து, எனக்குக் கீசர் மாட்டிக் கொடுத்திருக்கிறான். சுவரில் கோடுகள் பெயிண்டுக்குள் போய்விட்டன. இரும்புக் கட்டிலை மட்டும் விற்க விடவில்லை. வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறார்கள். மலைக்கு வர இ-பாஸ் வைத்தும் கார் குறைந்தபாடில்லை, வருஷம் பூராவும் சீசன்தான். எப்போது முடியும் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

இந்தச் சித்திரையில் அக்கா போன் போட்டாள். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு அவள் குரல் தேய்ந்துவிட்டது.

"ஏ புள்ள, இங்க வெயிலு ஆளக் கொல்லுது. ரெண்டு நாளு மேல வரட்டுமா?"

முன்வீட்டுக்குச் சனிக்கிழமை ஆள் வருவது ஞாபகம் வந்தது. யோசிக்கவில்லை, நாக்கு தானாகப் புரண்டது.

"சீசன் முடியட்டும்க்கா."

"சரி" என்றாள். அதே சரி. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இம்மி மாறாத அதே சரி.

மகனைக் கூப்பிட்டு புக்கிங்கை எல்லாம் ரத்துப் பண்ணச் சொன்னேன். "ரேட்டிங் போயிரும்மா!" என்று குதித்தான். "ரேட்டிங்கு போனா மசுரே போச்சு" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனிடம் அப்படிப் பேசினேன். அப்புறம் அக்காவைக் கூப்பிட்டு, "வெரசா கெளம்பி வா, மறுபேச்சு பேசாத" என்றேன்.

வந்தாள். ஒரு பை மாங்காய், நாலு தேங்காய். வத்தலக்குண்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்ததை நூறு தடவை சொன்னாள். முன்வீட்டைத் திறந்து ஜன்னலோரக் கட்டிலில் உட்காரவைத்தேன். குமிழைத் தடவிப் பார்த்தாள். டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, ஏதோ மாங்காய் விலையைக் கேட்பது மாதிரி கேட்டாள்.

"அன்னைக்கு நீ எங்க புள்ள போன? கத்தினேனே."

எந்த அன்னைக்கு என்று கேட்டுத் தப்பித்திருக்கலாம். போதும் என்று தோன்றியது.

"இங்கதான்க்கா இருந்தேன். இந்தக் கட்டில்ல. அந்தப் புள்ளகூட பிஸ்கட்டு தின்னுக்கிட்டு. நீ கூப்பிட்டது கேட்டுச்சு, வரல. ஒனக்கு இருமல்னு அந்தம்மாகிட்ட சொன்னதும் நான்தான்."

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரோட்டில் கார் மேல் கார் நின்றது. டீ ஆறி ஆடை படிந்தது. அவள் திட்டட்டும், எழுந்து பஸ் ஏறிப் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"எத்தன தின்ன?" என்றாள்.

"மூணு."

"எனக்கு ஒண்ணு வச்சியா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பியிருந்தாள். நரைத்த தலைக்குக் கீழே அந்தப் பதினொரு வயது முகம் பதிலுக்குக் காத்திருந்தது.

"வச்சிருந்தேன்க்கா" என்றேன். "சீசன் முடியட்டும்னு வச்சிருந்தேன்."